சும்மா இருப்பதற்கான அனுமதி

மலாபோ, 9 பிப்ரவரி 2003

அன்புள்ள ஏவுலோகியா சித்திக்கு,

நெமேசியா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முட்டி மட்டும் மழைக்காலம் போலவே வீங்கி நிற்கிறது. உங்கள் பல்வலி தேவலையா? ஸ்பெயினில் குளிர் குறைந்ததா?

அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவள் சொல்லி நான் எழுதுகிறேன். போனில் பேச வழியில்லை. போன் கடையை இப்போது வெனான்சியோ பெரியப்பாவின் மகன் எடுத்து நடத்துகிறான். நாம் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான். விமான நிலையத்துக்குப் போய், நல்ல முகமுள்ள பயணியாகப் பார்த்து இதைக் கொடுத்தனுப்புவோம். அம்மாதான் கொடுப்பாள். எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பாத்தாவிலிருந்து கப்பலில் வந்தார். எனக்காகப் பரிசம் வாங்கிவிட்டாராம். நான்கு ஆடு, இரண்டு பெட்டி மது, மீதி ரொக்கம். மாப்பிள்ளை தோன் கிறிசாந்தோ. மர லாரி வைத்திருக்கிறார். ஏற்கெனவே இரண்டு மனைவிகள். மூத்தவரின் மகள் என்னைவிடப் பெரியவள்.

அம்மா, "அவ குழந்தை" என்றாள். பெரியப்பா சிரித்தார். "டிசம்பர்ல பதினெட்டு ஆகுது. ஆறாங்கிளாஸோட நின்ன பொண்ணுக்கு லாரிக்கார மாப்பிள்ளை கசக்குதா? தம்பி செத்தா தம்பி பொண்ணு எனக்குத்தான். நம்ம முறை அதுதானே?"

அவர் போனதும் அம்மா கதவைத் தாழிட்டாள். பிறகு, "உங்க சித்தி போன மாதிரியே நாமும் போயிடலாம்னு எழுது" என்றாள். எப்படி என்று சொல்லுங்கள், சித்தி.

உங்கள் கைகளை முத்தமிடும்,
நெமேசியா


மோஸ்தோலெஸ், 2 மார்ச் 2003

என் கண்ணு நெமேக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டேன், இனி வலிக்க ஒன்றுமில்லை. அக்காவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கச் சொல். கத்தினால் கத்தட்டும்.

பயப்படாதே. நான் வந்த வழி இன்னும் மூடவில்லை. வேலை செய்யாமல் வாழ்வதற்கென்று இங்கே ஒரு அனுமதி உண்டு. சொந்தப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு. உன் தாத்தா விட்டுப்போன முன்வீட்டில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிறார்களே, அந்த வாடகையில் என் பாதியைக் காட்டித்தான் நான் வாங்கினேன். அக்கா தன் பாதியைக் காட்டட்டும். நீ பதினெட்டு முடியாதவள், அக்காவின் விண்ணப்பத்திலேயே உன் பெயரும் ஏறும். டிசம்பரைத் தாண்டினால் ஏறாது. ஆகவே இப்போதே ஓடுங்கள்.

இனி சொல்வது நமக்குள் இருக்கட்டும். அந்த வாடகை காகிதத்துக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது. இரண்டு வருடமாகக் கீழ்வீட்டுப் பெரியவர் தோன் அன்செல்மோவைப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது. சூப்பில் உப்பு குறைந்தால் கரண்டியை என் மேல் எறிவார். எறிந்தால் தப்பாது, போர்வீரராக இருந்தவராம். அவர் மகள் கையில் பணம் தருகிறாள். தெரிந்தால் என் அனுமதி போய்விடும். வெளியே கேட்டால் நான் நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் சீமாட்டி. நீயும் அப்படியே சொல்லிப் பழகு.

அக்காவுக்கு ஆயிரம் முத்தம்.
உன் சித்தி


மலாபோ, 28 மார்ச் 2003

அன்புள்ள சித்திக்கு,

தைலம் வந்தது. அம்மா கத்தினாள், ஆனால் மறுநாள் நடந்தாள். எனக்கு மலேரியா வந்து போயிற்று. நீங்கள் நலம்தானே?

தோன் அன்செல்மோ பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. அவள் சந்தையில் யாரிடமாவது பெருமையாகச் சொல்லிவிடுவாள்.

காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், மருத்துவக் காப்பீடு, குற்றம் எதுவும் செய்யவில்லை என்ற போலீஸ் சான்று. போலீஸ் நிலையத்தில் சான்று எழுதுகிற ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ என்னம்மா குத்தம் பண்ணிருக்கப் போறே, பேசவே மாட்டேங்குறியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

நோய் இல்லை என்ற சான்று வாங்கப் போன அன்றுதான் மலேரியா. மாத்திரையை விழுங்கி, முகத்தைக் கழுவி, நடுங்காமல் நின்றேன். மருத்துவர் கையைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். தொடவில்லை. அன்று முழுக்க யாராவது பின்னால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே நடந்தேன்.

பெரியப்பாவுக்கு எதுவும் தெரியாது. ஆடுகளைப் பாத்தாவிலேயே கட்டிவைத்திருக்கிறாராம். ஒன்று குட்டி போட்டதாம். அதையும் என் கணக்கில் சேர்ப்பார் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
நெமேசியா


மோஸ்தோலெஸ், 20 ஏப்ரல் 2003

நெமே கண்ணு,

நான் நலம். மலேரியாவுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிடு. அக்கா மலாங்கா கீரையையே போட்டுக் கொல்லுவாள், மீன் கேள்.

தூதரகத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். அக்கா பேசட்டும். உன்னைக் கேட்டால் மூன்றே பதில். எங்கே தங்குவாய்? சித்தி வீட்டில். எதை வைத்துச் சாப்பிடுவாய்? அம்மாவின் வாடகையில். என்ன செய்வாய்? ஒன்றும் செய்ய மாட்டேன்.

கடைசிப் பதில் நம் வாயில் வராது, தெரியும். நான் சொல்லும்போதே என் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து அறைவாள் என்று தோன்றியது. நம் ஊரில் ஒரு பெண் அப்படிச் சொன்னால் அவளுக்குப் பரிசமாக ஒரு கோழிகூடக் கிடைக்காது. ஆனால் அங்கே அதுதான் சரியான விடை. கண்ணாடி முன் நின்று பழகு.

முத்தங்கள்,
சித்தி


மலாபோ, 14 மே 2003

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். நேற்று தூதரகம் போனோம். காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

கடிதத்தைக் கொண்டுபோகிறவர் காத்திருக்கிறார். தோன் அன்செல்மோ வீட்டுக்கு இப்போதும் போகிறீர்களா?

நெமேசியா


மலாபோ, 11 ஜூன் 2003

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் பதில் வரவில்லை. உடம்புக்கு எதுவும் இல்லையே? இங்கே மழை விடாமல் பெய்கிறது. அம்மா நலம்.

போன கடிதத்தில் நான் உண்மையை எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இதை அவள் மீன் வாங்கப் போயிருக்கும்போது எழுதுகிறேன்.

தூதரகம் போன அன்று காலை ஐந்தரைக்கே போய்விட்டோம். வரிசையில் எங்கள் செருப்புகளை வைத்துவிட்டு மரத்தடியில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி செனோரா ஒரு காகிதத்தின் நகல் கேட்டார். அம்மா நகல் எடுக்க எதிர்க்கடைக்குப் போனாள். நான் தனியாக நின்றேன். செனோரா சும்மா பேச்சுக் கொடுப்பது போலத்தான் கேட்டார்.

"அங்க போய் நீ என்ன பண்ணுவே?"

நீங்கள் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் நம் கோயில் பாடகர் குழுத் தலைவி தோன்யா பிராக்செதெஸ் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். நான் வாய் திறக்கவில்லை. தோன்யா பிராக்செதெஸ் பக்கத்திலிருந்தவளிடம், "பள்ளிக்கூடமும் போகலை, பேச்சும் கிடையாது. அங்க போய்த் தூங்கும்" என்றாள். அவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. "நான் சும்மா இருக்கிறவ இல்லை, செனோரா. நல்லா வேலை செய்வேன். சமைப்பேன், துவைப்பேன். எங்க சித்தி அங்க ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி ஊட்டிப் பாத்துக்கிறாங்க. நானும் கூட நிப்பேன்" என்றேன். சத்தமாகச் சொன்னேன், சித்தி. தோன்யா பிராக்செதெஸுக்குக் கேட்கட்டும் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

செனோராவின் பேனா நின்றது. "சித்தி பேர் என்ன?" என்றார். சொன்னேன். "எவ்வளவு நாளா பாத்துக்கிறாங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டார். அவர் கோபமாக இல்லை. அதனால்தான் நான் என்ன செய்தேன் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

திட்டி ஒரு வரியாவது எழுதுங்கள்.

நெமேசியா


மலாபோ, 30 ஜூலை 2003

அன்புள்ள சித்திக்கு,

இன்னும் உங்கள் கடிதம் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் விமானம் வரும் நேரத்துக்கு அம்மாவுடன் போய் நிற்கிறேன். இறங்கி வருகிறவர்களிடம் இப்போது நானே கேட்கிறேன், "மோஸ்தோலெஸிலிருந்து யாராவது கடிதம் கொடுத்தார்களா" என்று. ஒரு கிழவர் எனக்காகத் தன் பையைக் கவிழ்த்தே காட்டினார். எல்லாம் மற்றவர்களுடையது.

"உங்க சித்திக்கு அங்க நேரம் எங்க இருக்கும்? ஜன்னல்ல உக்காந்து உக்காந்து அலுத்திருக்கும்" என்கிறாள் அம்மா. நானும் சிரிக்கிறேன்.

போன வாரம் பெரியப்பா தோன் கிறிசாந்தோவையே அழைத்து வந்தார். அவர் நல்ல சட்டை போட்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தபோது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, லாரி டயரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒல்லிதான். வேலை செய்வாளா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார். "செய்வா, செய்வா" என்றார் பெரியப்பா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்று நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

தூதரகத்திலிருந்தும் செய்தி இல்லை. உங்களைப் போலீஸ் பிடித்துவிட்டதா? நான்தான் காரணமா? அந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் போதும். மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

நெமேசியா


மாட்ரிட், 22 ஆகஸ்ட் 2003

அன்பு நெமேக்கு,

நான் நலம். என்னை யாரும் பிடிக்கவில்லை. வெயில் மட்டும் பிடித்து ஆட்டுகிறது. அக்காவிடம் நான் கொழுத்துவிட்டதாகச் சொல்.

இனி மோஸ்தோலெஸ் முகவரிக்கு எழுதாதே. மேலுறையில் இருக்கும் லியோனோரின் முகவரிக்கு எழுது. அவள் கோயிலில் பழக்கமானவள், இப்போது அவளோடுதான் இருக்கிறேன். தோன் அன்செல்மோவை இப்போது வேறொருத்தி பார்த்துக்கொள்கிறாள். கரண்டி பறந்து வந்தால் அவளுக்குக் குனியத் தெரிகிறதோ இல்லையோ.

உங்களைத் தூதரகத்தில் மறுபடி கூப்பிடலாம். கூப்பிட்டு, மே மாதம் நீ சொன்னது உண்மையா என்று கேட்டால், உண்மை என்று சொல். எதையும் மாற்றாதே. எனக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றாதே. மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். இது ஒன்றை மட்டும் நினைவில் வை.

சாப்பிடு.
சித்தி


மலாபோ, 17 செப்டம்பர் 2003

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். அம்மா பயந்துபோய், "என்னடி எழுதிருக்கா?" என்று கேட்டாள். நீங்கள் கொழுத்துவிட்டதாக எழுதியதை வாசித்தேன்.

நேற்று கூப்பிட்டார்கள். அதே செனோரா. இந்த முறை அம்மா பக்கத்தில் இருந்தாள், ஆனால் செனோரா என்னை மட்டும் உள்ளே ஒரு மேசைக்கு அழைத்தார். கண்ணாடி இல்லை. அவர் முன்னால் ஒரு தட்டில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மே மாசம் உங்க சித்தியைப் பத்திச் சொன்னியே, அது சரிதானா? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். இல்லை, நான் பெருமைக்குச் சொன்ன பொய் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உங்கள் கடிதத்தை நினைத்தேன். "சரிதான், செனோரா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "உங்க சித்தியும் அதையேதான் சொல்லிருக்காங்க."

அதற்குப் பிறகு அவர் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அம்மாவின் வாடகை போதுமானதாம். உங்களுடையது தனி விஷயமாம். ஒரு மாதத்தில் முடிவு தெரியுமாம். வெளியே வந்ததும் அம்மா, "என்ன கேட்டாங்க?" என்றாள். "பிறந்த தேதி" என்றேன்.

சித்தி, உங்களிடம் யார் கேட்டார்கள்? எப்போது?

நெமேசியா


மாட்ரிட், 8 அக்டோபர் 2003

நெமே,

இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசிக்காதே. கடைசிப் பத்தியை மட்டும் வாசி. நான் நலம், இது வெறும் வாயளவில் இல்லை.

ஜூனில் என் அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். மேசைக்காரன் ஒரு தாளை எடுத்து வைத்தான். அதில் உன் பெயர் இருந்தது. தூதரகத்தில் நீ சொன்னது அத்தனையும் இருந்தது. உன் ஜூன் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. வந்தும் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் கோபமாகத்தான் இருந்தேன். எழுதியிருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன். அதனால் எழுதவில்லை.

மேசைக்காரன் கேட்டது இவ்வளவுதான்: "இந்தப் பொண்ணு பொய் சொல்றாளா?"

ஆமாம் என்றால் எனக்குப் புது அட்டை. ஆனால் தூதரகத்தில் பொய் சொன்னவளுக்கு அனுமதி கிடையாது. அதையும் அவனே சொன்னான். நான் பத்து நாள் அவகாசம் கேட்டேன். அந்தப் பத்து நாளும் தோன் அன்செல்மோவுக்கு ஊட்டிக்கொண்டே யோசித்தேன். பிறகு போய், "பொய் இல்லை. நான் வேலை செஞ்சேன். அக்காவுக்கும் பொண்ணுக்கும் இது கூடாதுன்னு தெரியாது" என்றேன்.

எனக்குப் புதுப்பிக்கவில்லை. மறுமுறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. ஒளிந்து இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் என் வீட்டு முகவரியில் பதிவாக வேண்டும். நான் ஒளிந்திருக்கும் வீட்டில் நீங்கள் எப்படி நிம்மதியாக இருப்பீர்கள்? ஆகவே வருகிறேன். மோஸ்தோலெஸ் வீட்டுக்கு மார்ச் வரை வாடகை கட்டியிருக்கிறேன். சாவி லியோனோரிடம்.

இனி அக்காவுக்கு: அக்கா, எனக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் 7, வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறேன். பின்கட்டில் என் கட்டில் இன்னும் இருக்கிறதா, இல்லை கோழிகளுக்குக் கொடுத்துவிட்டாயா? நீ புறப்படுவதற்குள் ஒரு வாரமாவது சேர்ந்து உட்கார்ந்து சண்டை போட வேண்டும்.

சித்தி


மலாபோ, 6 நவம்பர் 2003, வியாழன் காலை

அன்புள்ள சித்திக்கு,

இதை விமானத்தில் கொடுத்தனுப்பவில்லை. உங்கள் கட்டிலில், தலையணை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். பயணம் சுகமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இருவருக்கும் அனுமதி வந்துவிட்டது. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்குக் கீழே, வேலை செய்ய உரிமை இல்லை என்று அச்சிட்டிருக்கிறது. அம்மா வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "அடேயப்பா, ராணியாட்டம்" என்றாள்.

கடைசிப் பத்தியை மட்டும்தான் அவளுக்கு வாசித்தேன். உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நம்புகிறாள். "அவ சின்ன வயசிலேயே அப்படித்தான், ஈரத் துணி பட்டாக்கூட ஊரைக் கூட்டுவா" என்று இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உங்களுக்காக வேர்க்கடலைக் குழம்பு வைத்து மூடியிருக்கிறாள். மீன் முன்வீட்டுக்காரர்களின் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள். படுக்கை விரிப்பு நான் துவைத்தது. கட்டிலில் கோழிகள் இருந்தது உண்மைதான், நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

பெரியப்பா வந்தால் முதலில் கத்துவார், பிறகு ஆடுகளைப் பற்றிப் பேசுவார். ஆடுகள் இப்போது ஆறு. எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டியது அவர்தான், நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. பின்கட்டுக் கதவின் மேல் தாழ் பிடிக்காது. கீழ்த் தாழைப் போடுங்கள்.

சித்தி, விமானச்சீட்டு எடுக்கப் போனபோது இரண்டு நாள் இருந்தன. இன்றும், அடுத்த வியாழனும். அம்மா அடுத்த வியாழன் என்றாள். உங்களோடு ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றாள். இருபது வருடம் நீங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாம்.

நான்தான் இன்று என்றேன். பெரியப்பா இந்தச் சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக வருகிறார், போன் கடையில் அவர் மகன் சொல்லக் கேட்டேன் என்றேன். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்றைய சீட்டையே எடுக்கச் சொன்னாள். இப்போது வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெரியப்பா பாத்தாவில்தான் இருக்கிறார். இந்த மாதம் முழுக்க வரமாட்டார். போன் கடைப் பக்கம் நான் போகவே இல்லை.

நாளைக்கு விமானத்திலிருந்து இறங்கி வரும் உங்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

அம்மா கூப்பிடுகிறாள்.

உங்கள்
நெமேசியா